ஹெல்மெட்டுக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

கேள்வி

டாக்டரம்மா அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் குடியாத்தம். ஐப்பசியில் 35 வாரத்திலேயே பிறந்துவிட்ட என் மகன், முதல் 12 நாள்கள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருந்தான். இப்போது 5 மாதம் முடிந்திருக்கிறது. மாசியில் வள்ளிமலையில் மொட்டை போட்ட அன்றுதான், பின்தலையில் வலப்பக்கம் தட்டையாக இருப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. 'பிள்ளையைத் திருப்பிப் போடாமல் அப்படியே கிடத்தியிருக்கிறாள்' என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மாமியார் கடுகுத் தலையணை தைத்து வைத்திருக்கிறார். குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடச் சொல்கிறார். கணவர் எங்களைச் சென்னையில் ஒரு மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கருவியால் தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, 'நடுத்தரமான தட்டை, 5 மாதம் தலை வடிவத்தைத் திருத்தும் ஹெல்மெட் போட வேண்டும், தாமதித்தால் பயன் இருக்காது' என்றார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறோம். ஹெல்மெட் போடாவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்குமா? இது என் கவனக்குறைவால் வந்ததா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். அதற்காக 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று சும்மா இருக்கவும் வேண்டாம். உங்கள் மகனுக்கு ஹெல்மெட் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அதை முடிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று விட்டுப்போயிருப்பதாக உங்கள் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன், உங்களை அதிகம் வருத்துகிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இது உங்கள் கவனக்குறைவால் வந்ததல்ல. பிறந்த குழந்தையின் மண்டை ஒரே எலும்பாக இருப்பதில்லை; பல தகடுகள் இடையே மெல்லிய பொருத்துகளோடு சேர்ந்திருக்கின்றன. பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதுக்குள் 46 சென்டிமீட்டரை எட்ட வேண்டியிருப்பதால், அந்தத் தகடுகள் இளக்கமாக இருந்தே ஆக வேண்டும். இளக்கமான எலும்பு நெடுநேரம் ஒரே இடத்தில் அழுந்தினால் அந்த இடம் தட்டையாகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு எலும்பு இன்னும் மென்மையாக இருக்கும். தலையைத் தானாகத் திருப்பும் வலுவும் தாமதமாகவே வரும். முதல் 12 நாள் உங்கள் மகன் எந்தப் பக்கம் படுத்திருந்தான் என்பது உங்கள் கையில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவனை மல்லாந்து தூங்க வைத்திருக்கிறீர்கள் என்றால், நீங்கள் செய்தது சரியான காரியம். 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கைக்குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தி, 1994-இல் அது நாடு தழுவிய இயக்கமாக மாறிய பிறகு, அங்கே தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென்று இறந்துபோவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் பின்தலை தட்டையான குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. உயிருக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு ஈடாக வந்த சிறு தொல்லை அது. அதை அஞ்சி மறுபடி குப்புறத் தூங்க வைப்பது கூடவே கூடாது. மாமியாரிடம் இந்த இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

மூளையைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் தெளிவான பதில் உண்டு. படுக்கையினால் வரும் தட்டை மண்டையின் வடிவத்தை மாற்றுகிறதே தவிர, உள்ளிருக்கும் இடத்தைக் குறைப்பதில்லை, மூளை நசுங்குவதில்லை. தலை தட்டையான குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து நிற்பதும் புரள்வதும் தாமதப்படுவதைப் பார்க்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் எதிர்த் திசையில் ஓடுகிறது: தசைத் திறன் குறைவாக உள்ள குழந்தை அசையாமல் கிடக்கிறது, அசையாமல் கிடப்பதால் தலை தட்டையாகிறது. ஆகவே தலையைக் காட்டப் போகும்போது வளர்ச்சிப் படிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்ததால், அவனுடைய வளர்ச்சியை 5 மாதக் குழந்தையோடு ஒப்பிடக் கூடாது. 4 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி படங்களுக்கு வருகிறேன். ஒன்று தொட்டிலில் எடுத்தது, ஒன்று உங்கள் மடியில், ஒன்று மொட்டை போட்ட பிறகு மேலிருந்து எடுத்தது. மூன்றிலும் உங்கள் மகன் வலப்பக்கமே பார்க்கிறான். மடியில் இருக்கும் படத்தில் தலை இடத்தோளை நோக்கிச் சற்றே சாய்ந்தும் இருக்கிறது. இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை இறங்கும் கழுத்துத் தசை இடப்பக்கம் இறுகிக் குறுகியிருந்தால், குழந்தை துல்லியமாக இப்படித்தான் இருக்கும். முகம் வலப்பக்கம் திரும்பும், தலை இடப்பக்கம் சாயும். அப்படிப்பட்ட குழந்தையை நீங்கள் இரவு முழுக்க உட்கார்ந்து இடப்பக்கம் திருப்பி வைத்தாலும், கையை எடுத்த மறுகணம் அவன் வலப்பக்கம் திரும்பிக்கொள்வான். பார்ப்பவர்கள் தாயைக் குறை சொல்வார்கள். இந்தக் கழுத்துக் கோணலைக் கவனிக்காமல் ஹெல்மெட் மாட்டுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பதற்குச் சமம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மாதக் குழந்தையோடு வந்த ஒரு தாயிடம், தலையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு 'சரியாகிவிடும், பயப்படாதீர்கள்' என்று அனுப்பிவிட்டேன். கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பத்தாவது மாதத்தில் அந்தக் குழந்தை வந்தபோது கழுத்துத் தசை கயிறு போல விறைத்திருந்தது. முகத்தின் ஒரு பக்கமே சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. இரண்டு மாதத்தில் தொடங்கியிருந்தால் சில வாரப் பயிற்சியில் முடிந்திருக்க வேண்டியது, அந்தக் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் அலைச்சலானது. அன்று முதல் தலை தட்டை என்று யார் வந்தாலும் முதலில் கழுத்தில்தான் கை வைக்கிறேன்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். குழந்தை பசியாறி, விழித்து, நல்ல மனநிலையில் இருக்கும்போது பாயில் மல்லாந்து படுக்க வைத்து, ஒரு கையால் மார்பை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிலுகிலுப்பையை அவன் முகத்துக்கு நேரே காட்டி, வலத்தோள் வரை நகர்த்துங்கள். பிறகு இடத்தோள் வரை நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் முகவாய் தோளுக்கு நேராக வர வேண்டும். இடப்பக்கம் பாதி தூரத்திலேயே தலை நின்று, கண் மட்டும் பொருளைத் தொடர்ந்தாலோ, உடம்பையே சேர்த்துத் திருப்பினாலோ, கழுத்து இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தலையைக் கையால் பிடித்து வலிந்து திருப்பிப் பார்க்காதீர்கள். தசையை நீட்டும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். கைபேசியில் காணொளி பார்த்துச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் நேரில்தான் உறுதி செய்ய முடியும். மண்டைத் தகடுகளுக்கு இடையிலான பொருத்து காலத்துக்கு முன்பே எலும்பாக ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது. சுமார் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். அதிலும் பின்தலைப் பொருத்து ஒட்டுவது மிக அரிது. அதற்கு ஹெல்மெட் மட்டும் தீர்வாகாது. நரம்பியல் அறுவை மருத்துவரிடம்தான் போக வேண்டும். உங்கள் மேற்கோணப் படத்தில் தட்டையான வலப்பக்கத்தின் காது முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறது, அதே பக்க நெற்றி கொஞ்சம் புடைத்திருக்கிறது; அதாவது தலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்ட செவ்வகம் போல இருக்கிறது. படுக்கையினால் வரும் தட்டையின் அடையாளம் அதுதான். பொருத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் காது பின்னோக்கியும் கீழாகவும் இழுபடும். தடவினால் பொருத்து ஓடும் வழியில் வரப்பு போல ஒரு மேடு தட்டுப்படும். பிறந்த அன்றே தட்டை இருந்து கூடிக்கொண்டே வந்தாலோ, உச்சிக்குழி இப்போதே மூடியிருந்தாலோ, தலைச் சுற்றளவு வளராமல் நின்றிருந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கென்று முதல் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது உங்கள் பக்கத்திலேயே இருக்கும் வேலூர் சி.எம்.சி.யில்தான். செலவுக்குத் தயக்கம் இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதலில் காட்டுங்கள். இயன்முறை சிகிச்சைக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள். பழகிய கை தடவிப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடும். சந்தேகம் இல்லாத குழந்தைக்கு ஸ்கேன் தேவையில்லை.

இப்போது ஹெல்மெட். அது தலையை அழுத்தி உருவாக்குவதில்லை. பலரும் அப்படி நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வெளியே கெட்டியான பிளாஸ்டிக்கும் உள்ளே பஞ்சு போன்ற மெத்தும் கொண்ட அந்தக் கவசம், புடைத்திருக்கும் இடங்களில் ஒட்டி நிற்கும்; தட்டையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும். வளரும் தலை அந்த வெற்றிடத்தை நோக்கி வளர்கிறது. வேலையைச் செய்வது வளர்ச்சிதான். கவசம் அதற்கு வழி காட்டுகிறது, அவ்வளவே. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்று மாதங்களில் 1 சென்டிமீட்டரும், பிறகு அரை சென்டிமீட்டரும் என்று தலையின் வளர்ச்சி குறைந்துகொண்டே போவதால், சீக்கிரம் தொடங்கினால் பயன் அதிகம், ஒரு வயதுக்குப் பிறகு பயன் மிகக் குறைவு. ஆகவே சென்னையில் 'தாமதிக்கக் கூடாது' என்று சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் இன்றைக்கே முன்பணம் கட்ட வேண்டிய அவசரம் அதில் இல்லை. முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துத் திருத்திய வயது 4 மாதம் உள்ள குழந்தைக்கு ஆறு வாரம் பார்க்க நேரம் இருக்கிறது.

2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. நடுத்தரம் முதல் ஓரளவு கடுமையான தட்டை வரை உள்ள 84 குழந்தைகளை 5, 6 மாத வயதில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் ஹெல்மெட் போட்டார்கள். மறு பிரிவுக்கு ஒன்றும் போடவில்லை. இரண்டு வயதில் அளந்தபோது இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பிரிவில் 26 விழுக்காடு, மற்றதில் 23 விழுக்காடு. இதை வைத்து 'ஹெல்மெட்டே வீண்' என்று சொல்லிவிட முடியாது. மிகக் கடுமையான தட்டையோ கழுத்துக் கோணலோ உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. போட்ட கவசங்கள் பலவும் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்தன என்ற குறையும் சொல்லப்பட்டது. மாறாக, படுக்கும் நிலையை மாற்றி, இயன்முறைப் பயிற்சியும் செய்த பிறகும் நடுத்தரமோ கடுமையோ ஆன தட்டை குறையாமல் நின்றால் ஹெல்மெட் போடலாம் என்று அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் அமைப்பு 2016-இல் வழிகாட்டியது. நானும் அந்த வரிசையையே பின்பற்றுகிறேன். பொதுவாகக் குழந்தைகளுக்கு வளர வளர எவ்வளவு சரியாகிறது என்பதற்கு நியூசிலாந்தில் 200 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கு உதவும்: நான்காம் மாதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கு இருந்த தட்டை, இரண்டு வயதில் நூற்றுக்கு 3 பேருக்கே எஞ்சியிருந்தது.

ஹெல்மெட் என்றால் நாளுக்கு 23 மணி நேரம். குளிப்பாட்டவும் தோலைத் துடைத்துக் காற்றாடவிடவும் ஒரு மணி நேரமே கழற்றலாம். தலை வளர வளர உள்மெத்தைச் செதுக்க வேண்டியிருப்பதால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும்; குடியாத்தத்திலிருந்து சென்னைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், கைக்குழந்தையோடு. இப்போது தொடங்கினால் சித்திரையும் வைகாசியும் அதற்குள் வரும். நம் பக்கத்து வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில், மின்விசிறிக் காற்றில் வெறுந்தலையோடு கிடக்கும் குழந்தைக்கே கழுத்து மடிப்பில் வேர்க்குரு வருகிறது. குளிர்நாடான நெதர்லாந்திலேயே நூற்றுக்கு 96 பெற்றோர் தோல் எரிச்சல் வந்ததாகவும், 77 பேர் குழந்தையை அணைத்துக் கொஞ்சுவதற்குக் கவசம் இடைஞ்சலாக இருந்ததாகவும் சொன்னார்கள். தேவைப்படும் குழந்தைக்கு இவையெல்லாம் தாங்கக்கூடியவைதான். தேவையில்லாத குழந்தைக்கு ஏன்?

ஆகவே முதலில் ஆறு வாரம். அவனுடைய தொட்டிலும் பாயும் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். முதல் படத்தில் அவனுக்கு இடப்பக்கம் சுவர் இருக்கிறது. வெளிச்சமும் நீங்களும் வலப்பக்கம். எந்தக் குழந்தையும் சுவரைப் பார்க்காது, அம்மாவைத்தான் பார்க்கும். தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள். நீங்கள் அவனுக்கு இடப்பக்கம் படுங்கள். பால் கொடுக்கும்போதும் தூக்கிக்கொள்ளும்போதும் இரண்டு கைகளையும் மாற்றுங்கள். புட்டிப்பால் என்றால் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் எப்போதும் ஒரே கையில்தான் ஏந்துகிறார்கள். ஏணையில் ஆட்டித் தூங்க வைப்பதை நிறுத்தச் சொன்னால் நம் வீடுகளில் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் சேலைக்குள் தலை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு, முகவாய் மார்பில் மடிந்து, மூச்சுக்கும் இடைஞ்சலாகலாம். ஆகவே கண்முன்னால் வைத்துக்கொண்டு ஆட்டி, கண் அயர்ந்ததும் கெட்டியான சமதரைப் பாயில் மல்லாந்து கிடத்திவிடுங்கள்.

கடுகுத் தலையணை வேண்டாம். ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். கடுகு நகர்ந்து நகர்ந்து முகத்தின் பக்கம் குவியும். தையல் விட்டால் வாய்க்கும் மூக்குக்கும் போகும். பழைய சேலையைச் சும்மாடு போலச் சுற்றித் தலைக்கடியில் வைப்பதும் அப்படித்தான். தூக்கத்தில் அந்தத் துணி மூக்கை மூடினால் விலக்கும் வலு அவனுக்கு இல்லை.

அதே சமயம், மாமியாரின் குப்புறப் போடும் யோசனையில் பாதி சரியானது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புற. நம் பாட்டிகள் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பார்களே, அப்போது குழந்தை தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்க்கும். இந்தச் சிகிச்சைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அந்த நேரத்தை அவரிடமே ஒப்படையுங்கள். குழந்தைக்கு இடப்பக்கமாக நீங்கள் உட்கார்ந்து, அவன் இடப்பக்கம் திரும்பும்படி பேச்சுக் கொடுங்கள். தலையைப் பிடித்து உருட்டி வடிவம் கொண்டுவருவதும், உச்சிக்குழியில் அழுத்தி எண்ணெய் வைப்பதும் மட்டும் வேண்டாம். மண்டை கைக்கு வளையும் மாவல்ல. குளியல் தவிர, நாளுக்கு நாலைந்து தடவை, மூன்று நிமிடத்தில் தொடங்கி, அழுதால் நிறுத்தி, மெல்ல மெல்லக் கூட்டி, நாள் முழுக்கச் சேர்த்து ஒரு மணி நேரம் வரை போகலாம். உங்கள் மார்பின் மேல் குப்புறப் போட்டுக்கொள்வதும் கணக்கில் சேரும். அவனாகவே குப்புற விழத் தொடங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தலை ஒரே இடத்தில் அழுந்துவது அன்றோடு குறையும்.

சென்னை மையத்தில் எடுத்த அளவை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். 'நடுத்தரம்' என்ற சொல் எனக்குப் போதாது. நெற்றியின் ஓர் ஓரத்திலிருந்து எதிர்ப்பக்கப் பின்தலை வரை குறுக்காக அளந்து, மறு குறுக்கையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 10-க்குக் கீழே என்றால் பொதுவாக இலேசானது. 12-ஐத் தாண்டினால் கடுமையை நோக்கிப் போகிறது. அதே அளவை ஹெல்மெட் விற்காத ஒருவரிடமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அளப்பவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது இன்னொரு கை அளப்பது உங்கள் உரிமை. ஆறு வாரம் கழித்து, முதலில் அளந்தவரே அதே கருவியால் மீண்டும் அளக்கட்டும்.

அப்போது வேறுபாடு குறைந்திருந்தால் இதே வழியில் தொடருங்கள். கழுத்து நன்றாகத் திரும்பத் தொடங்கிய பிறகும் அளவு 12 மில்லிமீட்டருக்கு மேலேயே நின்றால், அவனுக்குத் திருத்திய வயது ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும். ஹெல்மெட்டுக்குக் காலம் கடந்திருக்காது. அப்போது நானே போடச் சொல்வேன். இப்போது எடுக்கும் முதல் அளவே 15-ஐத் தாண்டியிருந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல், கழுத்துப் பயிற்சியோடு சேர்த்து ஹெல்மெட்டைப் பற்றியும் மருத்துவரிடம் உடனே பேசிவிடுங்கள்.

இந்த வாரமே கழுத்தைக் காட்டப் போகும்போது பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும், தடுப்பூசி அட்டையில் தலைச் சுற்றளவு குறித்த பக்கத்தையும் கொண்டுபோங்கள். மொட்டைத் தலையில் முடி வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால், இனி வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், குளிப்பாட்டிய உடனே முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது, உங்கள் மாமியார் அவனை மடியில் நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, நீங்கள் உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறாவது படத்தோடு இரண்டு அளவுகளையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.